வார்டன் கையெழுத்து போதுமா? எதிக்ஸ் கமிட்டி எதைப் பார்க்கிறது

"எல்லாம் ரெடி மேடம், எதிக்ஸ் மட்டும்தான் வரணும்."

ஆய்வு மாணவர்களிடம் இதைக் கேட்காத மாதம் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் மாதிரி எங்கோ ஒரு மேஜையில் ஃபைல் கிடக்கிறது, முத்திரை விழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம் என்கிற தொனி அதில் இருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பல துறைகளில் சீனியர்கள் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான்: போன வருஷத்து ஃபார்மை வாங்கு, தலைப்பை மாற்று, அனுப்பு. அந்தக் கமிட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்டால் கைடுகளிலேயே சிலர் விழிப்பார்கள்.

மனிதர்களிடமிருந்து எதையாவது வாங்கித்தான் ஆய்வு நடக்கிறது என்றால், அதைத் தொடங்குமுன் வேறு சிலர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது ரத்தமாக இருக்கலாம், வீட்டு விவரமாக இருக்கலாம், அரை மணி நேரமாகவும் இருக்கலாம். ஆய்வு செய்கிறவர் தன் ஆய்வின் மேல் ஆசைப்பட்டவர். அவரால் பாதகத்தைச் சரியாக எடைபோட முடியாது. அந்த எடைபோடும் வேலைக்காக ஏற்பட்டதுதான் நிறுவன நெறிமுறைக் குழு. பேச்சு வழக்கில் எதிக்ஸ் கமிட்டி, ஃபைலில் ஐ.இ.சி.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். கற்பனை என்றாலும் இதன் சாயலில் வருஷத்துக்குப் பல வருகின்றன. ஊட்டச்சத்துத் துறை மாணவி ஒருத்தி. நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்களிடம் ரத்தசோகை எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறாள். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கையடக்கக் கருவியில் ஹீமோகுளோபின் அளவு. கூடவே நாற்பது கேள்விகள்: சாப்பாடு, மாதவிடாய், வேலை நேரம், சம்பளம். மில் மேனேஜரைப் பார்த்தாள். அவர் நல்லவர், அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார். விடுதி வார்டன், "நான் சொன்னா எல்லாரும் வருவாங்க, நானே மொத்தமா கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். மாணவிக்கு ஏக சந்தோஷம். இருநூறு பேர், இரண்டே ஞாயிற்றுக்கிழமை.

கமிட்டி முதலில் கை வைக்கும் இடம் அந்தச் சந்தோஷம்தான்.

மேனேஜரின் கடிதம் விடுதிக்குள் நுழைவதற்கு. அது கேட்டைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் இருநூறு பேரில் ஒருத்தியின் விரலைக்கூட அது திறக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களில் இது தெளிவாகவே இருக்கிறது: ஊர்த் தலைவரோ சமூகமோ அனுமதி தந்தாலும், தனி ஆளின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. வார்டன் சொன்னால் எல்லாரும் வருவார்கள் என்பதை மாணவி ஒரு வசதியாகப் பார்க்கிறாள். கமிட்டிக்கு அதுதான் பிரச்சினையே. வார்டன் சொல்லி வருகிற பெண்ணால், வரமாட்டேன் என்று வார்டனிடம் சொல்ல முடியுமா?

நானே இதில் வழுக்கியிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்குக் கேள்வித்தாளோடு போனேன். குழுத் தலைவி எழுந்து, "எல்லாரும் அக்காவுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, டீ வருது" என்றார். பத்தே நிமிஷத்தில் முப்பது கையெழுத்து. வரிசையாக, ஒரே பேனாவில். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எவ்வளவு ஈஸியாக முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்த முப்பது பேரில் ஒருவர்கூட முதல் பக்கத்தைத் திருப்பிப் படிக்கவில்லை என்பது, வீட்டில் தாள்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. ஒரு மடிப்புக்கூட இல்லாமல் அத்தனையும் புதுசாக இருந்தன.

என்னுடையது வெறும் கேள்வித்தாள். இதே வழுக்கல் ஊசியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் செயல்விளக்கத் திட்டம் ஒன்று நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர்., இரு மாநில அரசுகள் எல்லாம் அதில் இருந்தன. கம்மத்தில் பல சிறுமிகள் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது. அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் வழக்கமாகப் போடப்படுகிறது. சிக்கல் ஒப்புதல் தாள்களில் இருந்தது. ஆந்திரத்தில் எடுத்துப் பார்த்த 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும். பெற்றோரின் கையெழுத்து அவற்றில் இல்லை. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்தது.

மருந்து நல்லது, நோக்கமும் நல்லது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த 2,763 கையெழுத்துகள் தவறுதான். எதிக்ஸ் கமிட்டியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு இடம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஒப்புதல் என்று அது தேடுவது மையை இல்லை. அந்த ஆள் மறுத்திருக்க முடியுமா, மறுத்தால் அவருக்கு எதுவும் குறையாமல் இருந்திருக்குமா என்பதைத்தான்.

நம் மாணவியின் விடுதிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அங்கே பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இருக்கலாம். 18 நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். வார்டன் பெற்றோர் ஆகமாட்டார். பெற்றோர் சரி என்றாலும் முடிந்துவிடாது, அந்தப் பெண்ணின் இசைவும் வேண்டும்: ஐ.சி.எம்.ஆர். கணக்கில் 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். அப்பா சரி என்று சொல்லி, பெண் தலையை ஆட்டி மறுத்தால் அவளை விட்டுவிட வேண்டியதுதான். நம் வீடுகளில் நடைமுறையே வேறு என்பதால், மாணவர்களுக்கு இதை நம்ப வைக்கவே நேரம் பிடிக்கிறது.

அடுத்த கேள்வி, பெரும்பாலான புரோட்டோக்கால்களில், அதாவது ஆய்வுத் திட்டங்களில், பதில் இல்லாத கேள்வி: ரத்தசோகை இருப்பது தெரிந்தால் என்ன செய்வாய்? ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே இறங்கினால் கடுமையானது, உடனே சிகிச்சை வேண்டும். கருவியில் 6.8 என்று காட்டுகிறது, மாணவி அதை எக்செல்லில் ஏற்றிக்கொண்டு அடுத்த விரலைக் குத்தப் போகிறாளா? தன்னிடம் வந்த ஓர் எண்ணால் ஒருத்தியின் உடம்பில் ஆபத்து இருப்பது தெரிந்தபிறகு, அதைத் தரவு என்று மட்டும் வைத்திருக்க முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முன்கூட்டியே பேசி, யாரை, எந்தக் கிழமை, யார் கூட்டிப்போவது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய பேய் நிற்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். 1932-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் என்ற மேகநோயைச் சிகிச்சையில்லாமல் விட்டால் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோய் இன்னதென்று அவர்களிடம் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். இலவசச் சாப்பாடு உண்டு, செத்தால் அடக்கச் செலவு உண்டு. 1940-களில் பெனிசிலின் வந்து அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972-ல் ஒரு செய்தி நிறுவனம் வெளியே கொண்டுவரும்வரை, நாற்பது வருஷம், அளந்துகொண்டே இருந்தார்கள். அளந்தவர்கள் படித்த மருத்துவர்கள், ஆய்விதழ்களில் கட்டுரைகளும் வந்துகொண்டிருந்தன. யாரும் மறைந்து செய்யவில்லை.

1972-க்கு முன் விதியே இல்லையா என்றால், இருந்தது. நாஜி முகாம்களில் கைதிகள்மேல் சோதனை நடத்திய மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் 1947-ல் எழுதிய நியூரம்பெர்க் விதிகளில் முதல் விதியே தன்னிச்சையான ஒப்புதல்தான். 1964-ல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. ஆனால் 'அது நாஜிகளுக்கு, நமக்கில்லை' என்கிற நினைப்பு இருந்திருக்க வேண்டும். டஸ்கீகி அந்த நினைப்பை உடைத்தது. 1974-ல் அமெரிக்காவில் சட்டம் வந்து, பல்கலைக்கழகங்களில் மறுஆய்வுக் குழுக்கள் கட்டாயமாயின. 1979-ல் பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை வைத்தது: ஆளை மதி, நன்மை செய், சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடு. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எளிதாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காக விடுதிப் பெண்களையும் கைதிகளையும் அரசு மருத்துவமனை வரிசையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, பலனை வேறு யாரோ அனுபவிப்பது சரியா என்று அது கேட்கிறது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 1980-லேயே கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2000, 2006, 2017 என்று வழிகாட்டுதல்கள் வளர்ந்தன. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிகள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 7 முதல் 15 பேர். தலைவர் வெளியாள், அந்தப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. மெம்பர் செக்ரட்டரி, அதாவது உறுப்பினர்-செயலர், அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர். தபால், கூட்டம், மினிட்ஸ் எல்லாம் அவர் தலையில். மொத்தத்தில் பாதிப் பேராவது வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், இவர்களோடு ஒரு சாமானியர். குறைந்தது ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டமே நடக்கும். என்னைக் கேட்டால் அந்த அறையில் மிக முக்கியமான நாற்காலி சாமானியருடையது. பேராசிரியர்கள் புள்ளியியலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏங்க, இந்தத் தாளை எங்க பக்கத்து வீட்டம்மாகிட்ட குடுத்தா ஒரு வரி புரியாதுங்களே" என்று சொல்லக்கூடியவர் அவர்தான். அவர் வாயே திறக்காத கமிட்டிகளும் உண்டு.

புரியாத வரி எப்படி இருக்கும்? மாணவி கொடுத்த தகவல் தாளில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது என்று வையுங்கள்: "இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வத்தின் அடிப்படையிலானதாகும், தாங்கள் எந்நேரத்திலும் யாதொரு காரணமுமின்றி விலகிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டென இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது." இலக்கணப்படி பெரிய பிழை இல்லை. இங்கிலீஷ் படிவத்தை வரிக்கு வரி மாற்றினால் இப்படித்தான் வரும். எட்டாவதோடு நின்று மில்லுக்கு வந்த பெண்ணுக்கு இது ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி, கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்பது மட்டும் புரியும். திருத்தியது: "இதில் சேருவதும் சேராததும் உங்கள் இஷ்டம். சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், பாதியிலேயே எழுந்து போகலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டோம். நீங்கள் சேராவிட்டால் மில்லுக்கோ வார்டனுக்கோ சொல்லமாட்டோம். உங்கள் வேலைக்கோ விடுதி இடத்துக்கோ இதனால் ஒன்றும் ஆகாது." எண்ணிப் பார்த்தால் திருத்தியதுதான் நீளம். கமிட்டிக்கு அந்த நீளம் பிடிக்கும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு கைரேகை வாங்க வேண்டும். அந்தச் சாட்சியாக வார்டன் வரக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஐந்து வரியை எழுதியதும் மாணவியின் ஆய்வே கொஞ்சம் மாறுகிறது, கவனித்தீர்களா? யார் சேரவில்லை என்பது வார்டனுக்குத் தெரியக் கூடாது என்று எழுதியாயிற்று. அப்படியென்றால் விடுதிக் கூடத்தில் வரிசையில் நிற்கவைத்து ரத்தம் எடுக்க முடியாது. தனி அறை வேண்டும். வருகிறவர், வராதவர் யார் என்று வெளியே தெரியாதபடி எல்லாரையும் கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றிய பதில்கள் மேனேஜர் கையில் போகாதபடி, பெயர் ஒரு தாளிலும் பதில் வேறொரு தாளிலும், நடுவில் ஒரு எண். இரண்டு ஞாயிறு ஆறு ஞாயிறாகும். வேலை நேரத்தில் எடுத்தால் கூலி போகும், அதை ஈடுகட்டலாம். ஆனால் மறுக்கவே முடியாத அளவுக்குப் பணம் காட்டக் கூடாது. எது ஈடு, எது ஆசைகாட்டல் என்பதையும் கமிட்டிதான் பார்க்கும்.

எல்லாப் புரோட்டோக்காலும் இவ்வளவு உருட்டப்படாது. பெயரில்லாமல் ஏற்கெனவே பொதுவில் கிடக்கும் தரவை வைத்து வேலை என்றால் விலக்கு. ஆபத்து மிகக் குறைவென்றால் ஓரிரு உறுப்பினர்கள் பார்த்து விரைவாக முடிப்பார்கள். மற்றவை முழுக் கமிட்டிக்கு. விடுதிப் பெண்கள், அதிலும் 18-க்குக் கீழே இருக்கக்கூடியவர்கள் என்பதால் நம் மாணவியின் ஃபைல் மூன்றாவது வழியில்தான் போகும். தன் ஆய்வுக்கு விலக்கு உண்டு என்று ஆய்வாளர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது. விலக்குக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். முக்கியமாக, தரவு எடுத்து முடித்துவிட்டுப் பின்தேதியில் அனுமதி கேட்காதீர்கள். ஜர்னல் கேட்கிறது, அனுமதி எண் மட்டும் கொடுங்கள் என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரும், ஆனால் வழி கிடையாது.

"நான் ரத்தம் எடுக்கலையே, சும்மா கேள்விதானே" என்பது சமூக அறிவியல் மாணவர்களின் நிரந்தர வாதம். 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் யாரிடமும் ரத்தம் எடுக்கவில்லை. சோதனைக்கு வந்தவர்களிடம், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். அதிர்ச்சி பொய், அந்தப் பக்கத்து எதிர்ப்பு நடிப்பு. முதல் சுற்றில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட்வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, நகத்தால் தங்கள் தோலையே கிள்ளிக்கொண்டவர்கள் அதில் இருந்தார்கள். தான் எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு மனிதருக்கு அன்று காட்டப்பட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. இன்னும் கிட்டத்தில், 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளில் நல்லதையும் கெட்டதையும் கூட்டிக் குறைத்து, அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. யாரிடமும் தனியாகக் கேட்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் உண்டு. ஆனால் சோதனையை நடத்தியது கம்பெனி, எங்கள் ஆட்கள் முடிவுகளைத்தான் பார்த்தார்கள், ஆகவே எங்கள் கமிட்டி மறுஆய்வு தேவையில்லை என்று கார்னெல் சொன்னது. 2014-ல் கட்டுரை வெளியானதும் பெரிய கூச்சல். வெளியிட்ட இதழே அடுத்த மாதம் கவலை தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டது. விதிப்படி கார்னெல் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டால் கேள்வி இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

அனுமதிக் கடிதம் வந்ததும் கமிட்டியை மறந்துவிடுவது வழக்கம். 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் கைதி, காவலர் என்று பிரித்து நடந்த சிறைச் சோதனைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கமிட்டி முன்பே அனுமதி தந்திருந்தது. இரண்டு வாரம் என்று தொடங்கி ஆறே நாளில் நிறுத்த வேண்டியிருந்தது. தாளில் எழுதியதும் தரையில் நடப்பதும் வேறாகலாம் என்பதால்தான் ஒரு கேள்வியைச் சேர்த்தாலும், வேறு மில்லுக்குப் போனாலும் திருத்தம் அனுப்பி மறுபடி அனுமதி வாங்க வேண்டும். யாருக்காவது பெரிய பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வருஷாவருஷம் அறிக்கை, முடிந்ததும் முடிவறிக்கை. கமிட்டி நேரில் வந்து பார்க்கவும் செய்யலாம். வருவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீசிஸைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அனுமதி எண்ணை இல்லை. 'முறையியல்' அத்தியாயத்தில் எத்தனை பேரைக் கேட்டாய், எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற வரியைத்தான். "200 பேரை அணுகினோம், 200 பேரும் ஒப்புக்கொண்டனர்" என்று இருந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பேன்: அந்த அறையில் வார்டன் எங்கே உட்கார்ந்திருந்தார்?